ஆவாரம்வலசில் இறகு முளைத்த வருஷம்

ஆவாரம்வலசில் பிள்ளை உண்டான பெண்களுக்குத் தலையில் இறகு முளைக்கத் தொடங்கிய வருஷம், முதல் இறகைக் கண்டது மருமகளுக்குத் தலை வாரிவிட்ட ஒரு மாமியார்தான் என்றும், அவள் அதைப் பேன் என்று நினைத்து நகத்தால் நசுக்கப் பார்த்தாள் என்றும், நசுங்காமல் அது விரலிடுக்கில் பஞ்சுபோல விரிந்துகொண்டதும் "சூட்டுக்கு வந்திருக்கும், வெந்தயம் அரைச்சுத் தேச்சா அமுங்கிப்போகும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள் என்றும் சொல்வார்கள். வெந்தயத்துக்கு அது அமுங்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் முளைத்தது, அதற்கடுத்த வாரம் மேற்கு வளவு வீடுகளில் முளைத்தது, கர்ப்பத்துக்கு மூன்று மாதம் ஆன எல்லாத் தலையிலும் உச்சி நடுவில் வெள்ளையாக, சாம்பலாக, சிலருக்குச் செம்மண் நிறத்தில், ஒரு கைப்பிடி இறகு எழும்பி நின்றது.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி போட வரும் நர்சம்மா சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, எண்ணெய் வைத்தால் இறகு ஒட்டிக்கொள்ளும், சீயக்காய் போதும் என்றார். காங்கேயம் பஸ்ஸில் கண்டக்டர் குடுமியைக் கண்டதும் முன்சீட்டில் இருப்பவரை எழுப்பிவிட்டார். பூக்காரி, பூவைப் பின்னலில் வைக்காமல் இறகுக்குக் கீழே சுற்றிக் கட்டப் பழகிக்கொண்டாள். காக்காய்கள் மட்டும் கூடு கட்ட இறகு கேட்டுத் துரத்தின. அதனால் கிணற்றடிக்குப் போகிற பெண்கள் கையில் ஒரு சுள்ளியை வைத்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்ததும் இறகு தானாகக் கொட்டியது. அதைக் கூட்டி அள்ளித் தலையணைக்குள் அடைத்து, பிறந்ததை அதன்மேல் படுக்க வைத்தார்கள். அவ்வளவுதான். அம்மை வருவதுபோல, மழை வருவதுபோல, இதுவும் வந்தது என்று இருந்துவிட்டார்கள்.

ஆனால் பிரசவங்கள் ஒன்றிரண்டு ஆனதும், மாமியார்கள் ஒன்றைக் கவனித்தார்கள். எட்டாம் மாதம் குடுமி உருண்டையாகத் திரண்டு பருத்திக்காய் வெடித்ததுபோல நின்ற தலைக்குப் பெண் பிறந்தது. இறகு கூர்கூராக நீண்டு, குளித்த தலைமயிர்போலப் பின்னால் சரிந்த தலைக்கு ஆண் பிறந்தது. இது ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஆனால் எட்டாம் மாதம் தெரிந்து என்ன செய்வது? மூன்றாம் மாதம், நாலாம் மாதம் எல்லாக் குடுமியும் ஒன்றுபோலப் பொசுபொசுவென்று இருந்தது. அந்த வயசில் குடுமியைப் பார்த்து வித்தியாசம் சொல்ல யாரால் முடியும் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஊருக்கு வேலாத்தாள் ஞாபகம் வந்தது.

வேலாத்தாள், கருணாகரனின் அலங்காரக் கோழிப் பண்ணையில் வேலைக்கு இருந்தவள். அங்கே வளர்த்தவை குடுமிக்கோழிகள். தலையில் இறகுப் பந்து வைத்துக்கொண்டு, கண் மறைந்து, எதிரே இருக்கும் தீவனத் தொட்டியில் முட்டிக்கொள்ளும் அழகுக் கோழிகள். சாதாரணக் கோழிக்குஞ்சு என்றால் கொண்டை சிவக்கிறதைப் பார்த்துச் சேவல் எது என்று சொல்லிவிடலாம். இதற்குக் கொண்டை இருப்பதே இறகுக்குள் தெரியாது. வாங்க வருகிறவர்கள் பெட்டைதான் கேட்பார்கள். சேவல் கூட்டத்துக்கு ஒன்று போதும். குஞ்சுக்கு மாதம் ஒன்று ஆன கையோடு வேலாத்தாள் அதைத் தூக்கி, உச்சியில் மெல்ல ஊதிப் பார்ப்பாள். இறகு வட்டமாக எழும்பி வட்டமாகவே படிந்தால் பொட்டை. வகிடு பிரிந்து பின்னால் ஓடினால் சேவல். "பொட்டை" என்றால் இந்தப் பக்கம், "சேவல்" என்றால் பிரியாணிக் கடைக்காரனின் கூடை. அவளுக்குச் சின்ன வயசில் கல்யாணமாகி, புருஷன் வேறு ஒருத்தியோடு கோயமுத்தூர் போய்விட்டான். அன்றிலிருந்து தம்பி தங்கமுத்து வீட்டில் இருந்தாள். வாழாவெட்டி என்பதால் எந்த வளைகாப்புக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாமல் போனால் கடைசி வரிசையில் நின்று, சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

அப்படிப்பட்டவளைக் கருணாகரனின் அம்மா ராமாத்தாள் ஒரு காலை வேளையில் ஆளனுப்பி வரவழைத்து, முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். நடுக்கூடத்தில் பாயில் மருமகள் கவிதாமணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மூத்தது பெண். இது இரண்டாவது. தலையில் வெள்ளைக் குடுமி, நாலு மாதத்துக் குடுமி.

"என்ற மருமவளைச் சித்த பாரு, வேலாத்தா. கோழிக்குப் பாக்கறாப்புலதான்."

வேலாத்தாள் பின்னால் போய் நின்று, விரலால் இறகைத் தொட்டு, குனிந்து ஊதினாள். வட்டமாக எழும்பியது. வட்டமாகவே படிந்தது. கொட்டகையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கொட்டகையில் சொல்கிற அதே குரலில் சொன்னது.

"பொட்டைங்க."

கவிதாமணியின் கழுத்து லேசாக அசைந்தது. ராமாத்தாள் உள்ளே பார்த்து, "வேலாத்தாளுக்குக் காபி கொண்டாங்க" என்றாள். வீட்டார் குடிக்கிற வெள்ளி டம்ளரில் காபி வந்தது. அந்தக் காபியின் ருசி வேலாத்தாளுக்கு ரொம்ப நாள் நாக்கில் இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் அவள் மிகவும் கூசிப்போனாள்.

அந்த வாரமே மாமியாரும் மருமகளும் காரில் திருப்பூர் போனார்கள். திரும்பி வந்தபோது கவிதாமணி தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். காற்றில் அது விலகியபோது உச்சி வெறுமையாக இருந்தது. எங்கே போனீர்கள் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. குடுமி எங்கே என்றும் கேட்கவில்லை. ஆனால் எல்லா வீட்டிலிருந்தும் வேலாத்தாளுக்கு ஆள் வரத் தொடங்கியது.

அவள் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி இருந்தது, காபி இருந்தது, போகும்போது கையில் ஒரு புடவையோ, புதுசாகக் காய்த்த அவரைக்காயோ இருந்தது. கல்யாண வீடுகளில் "வேலாத்தா வந்தாச்சா?" என்று கேட்டார்கள். யார் எதிரில் வந்தால் சகுனம் கெட்டது என்று ஒதுங்கிப் போனார்களோ அவளை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். நான் உள்ளதைத்தானே சொல்கிறேன், வெட்டுகிறவளா நான், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதற்குச் சாட்சி. கொட்டகையில் கூடைக்குப் போகிறது சேவல், வீட்டில் போகிறது பெண். இரண்டு இடத்திலும் பிரித்துவிடுகிற கை ஒன்றுதான் என்பது அவளுக்குக் குஞ்சு ஊதுகிற ஒவ்வொரு தடவையும் தோன்றும், தோன்றியதை அடுத்த குஞ்சை எடுத்து மறைத்துக்கொள்வாள். மெல்ல மெல்ல, வெறும் தலையோடு திரும்பிவந்த பெண்கள் அவளைத் தெருவில் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாகப் போனார்கள். அவளும் அவர்களைக் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வாள். மாமியார்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், மருமகள்கள் சுவரைப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அவள் தரையைப் பார்த்து நடந்தாள்.

அப்போதுதான் அவள் இருந்த வீட்டிலேயே, தம்பி பெண்டாட்டி சுகந்தியின் தலையில் சாம்பல் நிறத்தில் குடுமி எழும்பியது. சுகந்திக்கும் மூத்தது பெண்தான். அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால் கறந்தாள், துண்டோடு சோறு வடித்தாள், துண்டோடு தூங்கினாள்.

"ஏன்க்கா, ஊருக்கெல்லாம் பாக்கறே, நம்மூட்டுக்குப் பாக்கமாட்டியா?" என்றான் தங்கமுத்து. கேட்டுவிட்டு அவனே மனைவியின் துண்டை அவிழ்த்தான்.

வேலாத்தாள் எப்போதும்போலப் பின்னால் போய் நின்றாள். சுகந்தி நாத்தனார் பக்கம் திரும்பினாள். அவள் கெஞ்சவில்லை, அழவுமில்லை.

"நங்கையா, நீங்க எதைச் சொன்னாலும் சரி. ஆனா முன்னால வந்து, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

வேலாத்தாள் முன்னால் வந்தாள். குனிந்து ஊதினாள். சாம்பல் இறகு வட்டமாக எழும்பி வட்டமாகவே படிந்தது. அதற்குக் கீழே ஒரு முகம் இருந்தது. மூக்கோரம் வேர்த்திருந்தது, கண் இமைக்காமல் இருந்தது, கீழுதட்டைப் பல் பிடித்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், இத்தனை நாள் இத்தனை வீட்டில் தான் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை என்பது வேலாத்தாளுக்கு உறைத்தது. உச்சியைப் பார்த்தாள், பின்கழுத்தைப் பார்த்தாள், காபி டம்ளரைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்ததே இல்லை.

"சேவல்" என்றாள்.

தங்கமுத்து அக்காவைக் கட்டிக்கொண்டு, அப்படியே கடைக்கு ஓடி, மைசூர்பாகு வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தான். சுகந்தி மட்டும் நாத்தனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  வேலாத்தாளால் அன்று சோறு இறக்க முடியவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதற்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வெட்கம்தான் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு சுலபமாகத் திரும்புகிற வாயா இது? ஒரே ஒரு சொல். கூலி ஆள் வைத்துத் தூக்கவேண்டிய பாறையா அது? கவிதாமணிக்குத் திரும்பவில்லை, மேற்கு வளவுக் குமுதாவுக்குத் திரும்பவில்லை, சொந்த வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதானே திரும்பியது. அதற்குப் பிறகு கூப்பிட வந்த வீட்டாரிடம் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஒன்றும் பிடிபட மாட்டேனென்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

புரட்டாசி வந்தது. சுகந்திக்கு எட்டு மாதம் ஆனபோது குடுமி திரண்டது. ஊரில் அத்தனை அழகான குடுமி யாருக்கும் வந்ததில்லை. முழு நிலாவை உச்சியில் வைத்ததுபோல உருண்டு, கண்ணில்லாதவன் தடவிப் பார்த்தாலும் பெண் என்று சொல்லிவிடும்படி இருந்தது. தங்கமுத்து அதைப் பார்த்தான். வேலாத்தாளின் துணிமூட்டை தெருவில் விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய்த் தீவன அறையில் இருந்துகொண்டாள்.

அது தம்பி வீட்டுச் சண்டையோடு முடிந்திருக்கும். ஆனால் வேலாத்தாளின் வாக்கு தப்பிவிட்டது என்ற பேச்சு வளவு வளவாகப் போனது. சேவல் என்றாள், பொட்டையாக இருக்கிறது. அப்படியானால் பொட்டை என்றாளே, அதெல்லாம்? இந்தக் கேள்வி முதலில் யார் வாயில் வந்ததோ தெரியாது. ஆனால் அது ராமாத்தாளின் காதுக்குப் போனதும் அவள் கையிலிருந்த முறம் நழுவியது.  பிறகு வாசலில் போய் மண்ணில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். என் குலத்துக்கு வந்த ராசா, கதவைத் தட்டினயே, கிழவி நான் தாழ்ப்பாள் போட்டனே, என்று அவள் ராகம் போட்டு இழுத்ததைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரி தொடங்கினாள், அதற்கடுத்த வீட்டில் தொடங்கினார்கள். இழவு விழாத வீடுகளில் இழவு விழுந்தது. மாமியார்கள் அழுதார்கள், மாமனார்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்கள், கறிக்கடை மூடியது, வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரி நெடுக ஆடுகள் மேய்க்க ஆளில்லாமல் நின்றன. இந்த ஊரில் இத்தனை கண்ணீர் இருந்ததா என்று தீவன அறையில் உட்கார்ந்திருந்த வேலாத்தாள் நினைத்தாள். இத்தனை நாள் இது எங்கே இருந்தது?

ஊர் கூடிக் கேட்பது என்று முடிவாயிற்று. அதற்கு முந்திய மத்தியானம் கவிதாமணி கொட்டகைக்கு வந்தாள். பண்ணைக்கு முதலாளி அம்மாவாக இருந்தும் அவள் அங்கே வருவதில்லை. கூண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, தலையில் முந்தானை இல்லாமல், நேராகக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு என்ன சொல்லப்போறீங்க?"

வேலாத்தாளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. எல்லாமே தப்பு, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, நான் பொட்டை என்றதெல்லாம் பையன்களாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட நினைத்திருந்தாள். சொன்னால் ராமாத்தாள் சாகிறவரை அழுவாள். எல்லாரும் அழுவார்கள். அழட்டும் என்றிருந்தது. அதில் தன் பங்குக்கு வரும் அடியையும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அதைத்தான் கவிதாமணியிடமும் சொன்னாள்.

கவிதாமணி தலையை ஆட்டினாள்.

"அப்படிச் சொல்லிராதீங்க. அவங்க அழுகறது அவங்க பேரனுக்கு. என்ற வயித்துல இருந்தது என்ற புள்ளதானுங்க. பொம்பளப் புள்ள. நான் அவகூடத்தான் பேசிட்டிருக்கேன், இன்னிக்கு வரைக்கும். இப்ப வந்து அது பையன்னு சொன்னா, என்றகிட்ட இருந்து அதையும் புடுங்கற மாதிரி. ஒருக்காப் புடுங்குனது போதாதா?"

 ஒரு பெட்டைக்கோழி தொட்டியில் முட்டிக்கொண்டு விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"என்னை மன்னி..." என்று வேலாத்தாள் தொடங்கினாள்.

"நான் அதுக்கு வரலீங்க" என்று சொல்லிவிட்டுக் கவிதாமணி போனாள்.

மறுநாள் காலை மாரியம்மன் கோயில் மைதானத்தில் ஊர் கூடியது. அழுது குரல் போன மாமியார்கள் முன்னால் இருந்தார்கள். மருமகள்கள் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றார்கள். ராமாத்தாள் எழுந்து கேட்டாள். "சாமி முன்னால நிக்கறே, வேலாத்தா. நீ பொட்டைன்னு சொன்னதெல்லாம் மெய்யா, பொய்யா?"

வேலாத்தாள் மைதானத்தின் நடுவில் நின்றாள்.  இந்த முறை அவள் தரையைப் பார்க்கவில்லை.

"எல்லாம் மெய்தானுங்க. நான் பார்த்த குடுமியில ஒண்ணுகூடத் தப்பல. பொட்டைன்னு சொன்னது எல்லாமே பொம்பளப் புள்ளைக. என்ற தம்பி பொண்டாட்டிக்கு மட்டுந்தான் தெரிஞ்சே பொய் சொன்னேன். அதையே மத்தவங்களுக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லல. காபி குடிச்சுட்டு வந்துட்டேன்."

 ராமாத்தாளின் தோள் தளர்ந்தது. "பொட்டைதானா?" என்றாள். "அட மாரியாத்தா! பொட்டைதானா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான், அழுகை நின்றது. குழாயைத் திருகி மூடினதுபோல, அத்தனை வாயிலும் ஒரே நேரத்தில் நின்றது. கிழவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் கேனோடு வந்து எல்லாருக்கும் டீ ஊற்றினார். "கண்ணுல பூ விழுகல, ஒண்ணும் விழுகல, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே ராமாத்தாள் வந்து வேலாத்தாளின் கையைப் பிடித்தாள். "வந்தவ வந்தே, சின்னவன் சம்சாரத்தையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரு. நாலாம் மாசம். அங்கதான் நிக்கறா."

நின்றாள். ராமாத்தாளின் இளைய மருமகள், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாத பெண், தலையில் செம்மண் நிறக் குடுமி. வேலாத்தாள் அவள் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்தாள். குடுமியை ஊத வேண்டியிருக்கவில்லை. காற்றே ஊதிக் காட்டியது. கிட்டத்தில் நிற்கிறவளுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியலீங்க" என்றாள்.

"இப்பத்தான் எல்லாம் மெய்யின்னே?"

"அது அப்பங்க. இனி எந்தத் தலையிலயும் எனக்குத் தெரியாது."

ராமாத்தாள் பிடித்திருந்த கையை விட்டாள். பண்ணை வேலை போயிற்று என்று வேலாத்தாளுக்கு அந்தக் கை விட்ட விதத்திலேயே புரிந்தது. அப்படித்தான் ஆயிற்று, ஊர் அவளை வைதது, தீவன அறையைக் காலி செய்யச் சொன்னது. ஐப்பசியில் சுகந்திக்குப் பெண் பிறந்து, இறகுத் தலையணையில் படுத்து, ஊரே கேட்கக் கத்தியது. தை முடிவதற்குள் எல்லாத் தலையிலும் இறகு முளைப்பது நின்றுபோய், அப்படி ஒன்று இருந்ததை ஊர் சீக்கிரமே பேசாமலும் விட்டுவிட்டது. அதெல்லாம் பிறகு.

அன்று காலை, டீ டம்ளர்கள் கைமாறிக்கொண்டிருந்தபோது, வேப்பமரத்தடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்தார்கள். கவிதாமணி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒப்பாரி கட்டத் தெரியாது; ராகம் இல்லை, ராசா இல்லை. "என்ற புள்ள, என்ற புள்ள" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்தில் நின்ற குமுதா உட்கார்ந்தாள். இன்னொருத்தி உட்கார்ந்தாள். வெறும் உச்சிகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின, குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மாமியார்கள் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள். "இவளுகளுக்கு இப்ப என்ன வந்துச்சு?" என்றாள் ஒருத்தி. அதட்டப் போனவளின் குரல் பாதியில் நின்றுவிட்டது.

வேலாத்தாள் அந்தப் பக்கமாக நடந்தாள். ஒவ்வொரு குரலாக அடையாளம் தெரிந்தது. இது வெள்ளைக் குடுமி, இது சாம்பல், இது கருப்பில் புள்ளி விழுந்தது. ஒவ்வொன்றின் மென்மையும் விரல் நுனியில் அப்படியே இருந்தது. அந்தக் குழந்தைகளுக்குப் பேர் இல்லை, குழி இல்லை, பார்த்தவர் இல்லை. உலகத்தில் அவர்களைத் தொட்ட ஒரே கை தன்னுடையது, மூச்சு விட்டுப் பார்த்த ஒரே வாய் தன்னுடையது, அந்த வாய் அவர்களை அழைத்தது ஒரே ஒரு சொல்லால் என்பது அந்த மரத்தடிக்கு நடந்து போகையில்தான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.  அவர்கள் பக்கத்தில் உட்காரப் போனாள். நெஞ்சிலிருந்து ஒன்று கிளம்பித் தொண்டைக்கு வந்தது.

கவிதாமணி நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீங்க அழுகாதீங்க, அக்கா."

வேலாத்தாள் தொண்டைக்கு வந்ததை விழுங்கினாள். எழுந்து, நாலடி தள்ளி வெயிலில் நின்றாள். அவர்கள் அழுது முடிக்கிறவரை, மைதானம் காலியாகி நிழல் காலடிக்குச் சுருங்குகிறவரை, முந்தானையால் முகத்தை மறைக்காமல் நின்றாள். பிறகு கோயில் குழாயில் ஒரு குடம் பிடித்துவந்து அவர்கள் நடுவில் வைத்துவிட்டு விலகினாள். குமுதா கையேந்திக் குடித்தாள். இன்னும் இரண்டொருத்தி குடித்தார்கள். கவிதாமணி குடிக்கவில்லை.